கடதாசிக் கோப்பி

என் கணவருக்கு நாக்கில் பொய் ஏறாது. கல்லடிக் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிற ஒருவருக்கு இப்படியொரு நாக்கு வாய்த்தால் தொழில் படுத்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கல்யாணமான புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அவரோ மணலில் குவித்த மீனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது நேத்தையான் மீன். எடுக்கிற ஆக்கள் பாத்து எடுங்க" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்ன பிறகுதான் விலையையே தொடங்குவார். படகுக்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். ஆனால் மறுநாளும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் நல்ல மீன் என்று சொல்லிவிட்டால் வாங்க வந்தவர்கள் புரட்டிக்கூடப் பார்க்காமல் விலை கேட்பார்கள்.

அந்த நாக்கோடு குடும்பம் நடத்துவது வேறு கதை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வந்த முதல் காலை, அம்மாவும் அக்காமாரும் கதவு இடுக்கால் பார்த்துக்கொண்டு நிற்க, மல்லியும் சேர்த்து வறுத்து நான் ஊற்றிக் கொடுத்த கோப்பியை ஒரு மிடறு குடித்தார். "மல்லி கருகிப்போச்சு" என்றார். புது மாப்பிள்ளை வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான். அக்காமார் சிரித்த சிரிப்பில் எனக்கு முகமே எரிந்தது. குசினிக்குள் போய் அவரைக் கறுவிக்கொண்டே இன்னொரு தாச்சி மல்லி வறுத்தேன்.

சில கிழமைகள் கழித்து ஒரு காலை, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நல்லாரிக்கு" என்றார். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பரிசும் கிடைத்ததில்லை. அந்த ஒரு சொல் எனக்குப் பரிசளிப்பு விழாவாக இருந்தது. இத்தனை வருசத்தில் அவர் என் சமையலில் பிடித்த குறைகளை அடுக்கினால் வீட்டுக் கூரையை முட்டும். ஆனால் அவர் நல்லது என்று சொன்னதை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. எத்தனை பெண்களுக்கு இந்தக் கொடுப்பினை இருக்கிறது, சொல்லுங்கள். புருசன் முகத்துக்காகச் சொல்கிறானா, மனதாரச் சொல்கிறானா என்று தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறவர்கள்தான் அதிகம்.

போன மாரிக்கு முன்னால் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஏலம் கூறிக்கொண்டிருந்தபோதே மணலில் உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளை, பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் யோசிக்காமல் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் வயர்களுக்கு நடுவில் கிடந்த மனிதரைத் திரும்பக் கையில் தந்தபோது, எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று ஓர் இளம் டொக்டர்ப் பிள்ளை விளக்கினாள். பொரியல் போயிற்று. தேங்காய்ப்பால் பாதி போயிற்று. அடுத்தது கோப்பி.

"கோப்பி எப்பிடிப் போடுவீங்க அம்மா?"

"கேத்தல்ல தூளைப் போட்டு நல்லாக் கொதிக்க வைச்சு, மண்டி அடியில இறங்கினதும் ஊத்திற."

"அதுதான் கூடாது. அப்பிடிக் கொதிக்க வைச்சா கோப்பியில இரிக்கிற எண்ணெய் எல்லாம் தண்ணியில வந்திரும். கொலஸ்ட்ரோலுக்குக் கூடாது. கடதாசி ஃபில்டர்ல வடிச்சா அந்த எண்ணெய் கடதாசியோட நிண்டிரும். அப்பிடியெண்டா காலையில ஒரு கோப்பை குடிக்கட்டும்."

கோப்பியே வேண்டாம் என்று சொல்லாமல் விட்ட அந்தப் பிள்ளையின் பெயருக்கு மாமாங்கக் கோயிலில் ஓர் அர்ச்சனை செய்தேன். நட்சத்திரம் தெரியாததால் ஐயரிடம் என் நட்சத்திரத்தையே கொடுத்துவிட்டேன்.

ஆனால் கடதாசி ஃபில்டரை எங்கே தேடுவது? பட்டினத்தில் ஃபில்டர் என்று பலகை போட்ட ஒரு கடைக்குள் நுழைந்து கேட்டேன். கடைக்காரர் தலை நிமிராமலே, "எந்தப் பைக்குக்கு அக்கா?" என்றார். பைக்குக்கு இல்லை, கோப்பிக்கு என்றேன். "கொப்பிக்கா? கொப்பி, பேப்பர், பென்சில் எல்லாம் அங்கால புத்தகக் கடையில" என்று கையைக் காட்டினார். நானும் விட்டேனா, புத்தகக் கடைக்கும் போனேன். அங்கே எனக்கு விஞ்ஞான பாடத்துக்கு வேண்டிய வடிதாளை எடுத்துக் காட்டினார்கள். நல்ல வெள்ளை வட்டம். வாங்கியிருப்பேன், பிள்ளைகள் அதில் என்னென்ன மருந்தை வடிப்பார்கள் என்று நினைத்துப் பயந்துவிட்டேன்.

கொழும்பில் வேலை செய்கிற மகள் தொலைபேசியில் வகுப்பு எடுத்தாள். முதலில், கண்ணாடி அலுமாரிக்குள் கல்யாணப் பரிசாக வந்து கிடந்த ஒரு சாமானைக் கண்டுபிடித்தேன். கண்ணாடிக் குவளை, நடுவில் கம்பி வலைத்தட்டு, மேலிருந்து அழுத்த ஒரு பிடி. இது போதுமே என்று மகளுக்குப் படம் அனுப்பினேன். "அம்மா, அது வலை. மண்டியைத்தான் பிடிக்கும், எண்ணெயை விட்டிரும்" என்றாள். பிறகு, சென்னைக்குப் போய் வந்த ஒரு பெண் தந்த, அடியில் ஓட்டைகள் போட்ட எவர்சில்வர் ஃபில்டர். அதுவும் அப்படித்தானாம். அதில் இறங்குகிற கறுத்தச் சாற்றின் மணத்துக்கு நான் மயங்கிவிட்டேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அழகான சாமான். ஆனால் அழகைப் பார்க்கிற நேரமா அது?

நான் தையல்காரி. துணி என்றால் நான் விடுவேனா? கோறாத் துணியை இரண்டு மடிப்பாக வெட்டி, கம்பி வளையத்தில் பை தைத்து வடித்தேன். முதல் நாட்களில் அருமையாக இருந்தது. ஆனால் வாவிக் காற்று அடிக்கிற வீட்டில் ஈரத்துணி எங்கே காயும்? கிழமை முடிவதற்குள் பை புளித்து மணத்தது. அந்தப் புளிப்போடு வடிந்த கோப்பியைத் தெரியாமல் அவருக்குக் கொடுத்துவிட்டேன். என் கோப்பையை வாயில் வைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. பறிக்க ஓடினேன். அதற்குள் அவர் குடித்து முடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினார்.

"எப்பிடி?" என்றேன்.

"நல்லாரிக்கு" என்றார்.

அப்போது நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி மருந்தில் நாக்கு மரத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன்.

காத்தான்குடியில் நான் துணி எடுக்கிற கடை முதலாளியிடம் கதையோடு கதையாக இதைச் சொன்னபோதுதான் வழி பிறந்தது. அவருடைய தம்பி கட்டாரிலிருந்து வந்தபோது கோப்பி வடிக்கிற கூம்பும் கடதாசிக் கட்டுகளும் கொண்டுவந்திருக்கிறார். "நாங்க இஞ்சி போட்ட பிளேன் டீ குடிக்கிற ஆக்கள் தங்கச்சி. அது பெட்டியும் உடைக்காமக் கிடக்கு. கொண்டு போங்க. அவருக்குச் சுகம் கிடைக்க நாங்களும் துஆச் செய்றம்" என்று வீட்டிலிருந்து எடுப்பித்துத் தந்தார்.

வெள்ளைப் பீங்கான் கூம்பு. அதற்குள் உட்கார்கிற கடதாசி இரண்டு விதம், ஒன்று வெள்ளை, ஒன்று மண்ணிறம். மண்ணிறத்தில் வடித்தால் புதுக் காட்போட் பெட்டியின் வாசம் அடித்தது. முதலில் வெறும் வெந்நீரால் கடதாசியைக் கழுவிவிட்டு வடித்தபோது அது போய்விட்டது. வெள்ளையில் அந்தத் தொல்லை குறைவு. பிறகு தூளில் சிக்கல். மில்லில் மாவாக அரைத்த தூள் கடதாசியை அடைத்துவிட, தண்ணீர் மேலே குளம் கட்டி நின்றது. தூள் ரவைப் பருவத்தில் இருக்க வேண்டும் என்று அதையும் கண்டுபிடித்தேன். அப்படி வடிந்த கோப்பியைக் கண்ணாடிக் கோப்பையில் ஏந்தி யன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். மண்டியும் இல்லை, மேலே மினுங்குகிற எண்ணெயும் இல்லை. இத்தனை வருசம் நான் குடித்ததும் கோப்பிதானா என்று யோசிக்க வைத்தது அந்தத் தெளிவு. ஒரு துண்டுக் கடதாசி இவ்வளவு வேலை பார்க்கிறதே என்று அதிசயப்பட்டேன். இன்றைக்கும் அந்த அதிசயம் எனக்குக் குறையவில்லை.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நல்லாரிக்கு" என்றார். மண்ணிறக் கடதாசி வாசத்தோடு கொடுத்ததற்கும் "நல்லாரிக்கு". தூள் அடைத்து ஆறிப்போனதற்கும் "நல்லாரிக்கு". சோற்றுக்கு நல்லாரிக்கு, உப்பில்லாத கறிக்கு நல்லாரிக்கு. கடற்கரைக்குப் போவதை விட்டுவிட்டார். கூட்டாளிகள் வந்தால் தலையாட்டுவார். தொண்டை கட்டிய மனிதர் போல வீட்டில் ஒரு மூலையில் கதிரையைப் போட்டுக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டிருப்பார். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள்தான் அப்படி இருப்பார்கள்.

எனக்குப் பயம் பிடித்தது. ஒரு காலை, வடித்து முடித்த சக்கையின் மேலேயே திரும்பவும் வெந்நீரை ஊற்றி, சீனியும் போடாமல், அந்தக் கலங்கல் தண்ணீரை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே நின்றேன். குடித்தார். "நல்லாரிக்கு" என்றார்.

"உண்மையாத்தான் சொல்றீங்களா?"

அவர் கோப்பையைக் கதிரைக்கடியில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இரிக்கிற நாளைக்கு ஆருக்கும் குறை சொல்லாம இரிந்திட்டுப் போவம் புள்ள."

குசினிக்குள் வந்து சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். டொக்டர் காப்பாற்றித் தந்த மனிதர் உள்ளுக்குள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வேண்டியது இருதயம் அடிக்கிற ஒரு உடம்பு இல்லை, என்னைக் குறை சொல்கிற என் புருசன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. இந்த மனிதரின் நாக்கைக் கிளப்பாமல் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தையில் பச்சைக் கோப்பிக்கொட்டை வாங்கினேன். எந்த வறுவல் கடதாசிக்குச் சரிவரும் என்று தெரியாததால் இளவறுவல், நடு வறுவல், கருவறுவல், மல்லி போட்டது, போடாதது, வேர்க்கொம்புச் சுக்கு சேர்த்தது என்று எல்லாம் செய்து பார்க்கிற திட்டம். புகை அவருடைய நெஞ்சுக்கு ஆகாது என்று வளவின் பின்பக்கம் அடுப்பு மூட்டி, பெரிய தாச்சியை ஏற்றினேன். அவர் உள்ளே படுத்திருந்தார். வாவிப் பக்கமிருந்து காற்று. மணம் ஒழுங்கையில் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் போயிருக்கிறது.

நான் மறந்தது ஒன்று. எங்கள் ஒழுங்கையில் இப்போது எல்லோரும் பைக்கற்றுத் தூள்தான். வளவில் அடுப்பு மூட்டி மொத்தமாகக் கோப்பிக்கொட்டை வறுக்கிறார்கள் என்றால் அது ஒன்றுக்குத்தான். செத்தவீட்டுக்கு. இரவிரவாக முழித்திருக்கிற சனத்துக்குக் கோப்பி வேண்டுமே.

புகையில் கண் சிவந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாச்சியைக் கிளறியபடி நிற்கிறேன். முன்வீட்டு மச்சாள் வெள்ளைச் சேலையோடு தலைமுடி அவிழ ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "ஐயோ மச்சாள்! இப்பிடி விட்டிட்டுப் போயிட்டாரே!" என்று குழறினாள். அவளுடைய தகப்பன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர். பாவம், மனிதர் போய்விட்டார் என்று நினைத்தேன். அகப்பையை எறிந்துவிட்டு நானும் அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். நல்ல மனிதர், என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர். மனதாரத்தான் அழுதேன்.

எங்கள் இருவரின் சத்தத்துக்கு ஒழுங்கையே உள்ளே வந்தது. ஆண்கள் எங்கிருந்தோ பிளாஸ்டிக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் அடுக்கத் தொடங்கினார்கள். ஒருவர் கிட்ட வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "எத்தினை மணிக்கு அக்கா?" என்று கேட்டார்.

"எனக்கெப்பிடித் தம்பி தெரியும்? மச்சாளைக் கேளுங்க" என்றேன்.

அழுதுகொண்டிருந்த மச்சாள் தலையைத் தூக்கினாள். "என்னையா? எனக்கெப்பிடித் தெரியும், மச்சானுக்கு எத்தினை மணிக்கெண்டு?"

எந்த மச்சான் என்று நான் கேட்க வாய் திறந்தபோது, பின்வாசலில், அவிழ்ந்த சாறனை இறுக்கிக் கட்டிக்கொண்டு என் கணவர் நின்றார். நித்திரை கலைந்த முகம்.

"ஆரு செத்த?" என்றார்.

கதிரை தூக்கியவர் கதிரையைப் போட்டார். மச்சாள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தாச்சியைப் பார்த்தாள். "கோப்பி வறுக்கிற மணம் வந்திச்சே…" என்று இழுத்தாள். அதற்குப் பிறகு யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. வெள்ளைச் சேலைக்காரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் குந்திவிட்டார்கள். சிரித்துக்கொண்டே நான் அவர்களைப் பார்த்தேன். சமைத்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, கடையைச் சாத்திவிட்டு, கேட்டதும் ஓடிவந்த சனம். ஆளனுப்பவில்லை, யாரும் கூப்பிடவில்லை. இப்படிப்பட்டவர்கள் நடுவில் வீடு அமைந்தது என் அதிர்ஷ்டம் என்று அந்தக் கணத்தில் நெஞ்சு நிறைந்துபோயிற்று.

வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பலாமா? கோப்பி தருகிறேன், இருங்கள் என்றேன். முன்னமே வறுத்து இறக்கியதில் நடு வறுவலை எடுத்து ரவையாக அரைத்து, கூம்பைக் கூசாவின் வாய்மேல் வைத்துக் கடதாசியைப் போட்டேன். கூம்பு ஒரு கோப்பைக்கு அளவானது. முற்றம் நிறையச் சனம். சொட்டுச் சொட்டாக இறங்குகிற கோப்பியை எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். "என்ன மச்சாள், கோப்பிக்குச் சேலைன் ஏத்துறீங்களா?" என்று மச்சாள் கேட்க, இன்னொரு சிரிப்பு. அவசரத்தில் நான் தூளையும் மாற்றாமல் தண்ணீரை மட்டும் கூட்டிக் கூட்டி ஊற்றினேன். சின்னச் சின்னக் கோப்பைகளில் எல்லோருக்கும் கிடைத்தது.

குடித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "நல்லாரிக்கு அக்கா" என்றார் கதிரை தூக்கி வந்தவர். "நல்லாத்தான் இரிக்கு" என்றாள் மச்சாள், கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு. கடைசிக் கோப்பையை அவருக்குக் கொடுத்தேன்.

ஒரு மிடறு. நெற்றி சுருங்கியது. அவர் கோப்பையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு சுற்றி நின்ற அத்தனை பேரையும் பார்த்தார்.

"என்ன புள்ள இது?" என்றார். கடற்கரையில் கேட்கிற குரல். தென்னையிலிருந்த காகங்கள் எழும்பிவிட்டன. "கோப்பிக்கொட்டையத் தண்ணிக்குக் காட்டிட்டு எடுத்த மாதிரி இரிக்கு! என்ட செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்கு இதையா குடுக்கிற?"

நான் முதலில் அவருடைய நெஞ்சைத்தான் பார்த்தேன். அது சரியாகத்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் நிறுத்தவில்லை. தூள் காணாது, இன்னும் போட வேண்டும் என்றார். தண்ணீரைக் குடத்தால் ஊற்றுவது போல ஊற்றினால் எப்படிச் சாறு இறங்கும், சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டாமா என்றார். ஒவ்வொரு கோப்பைக்கும் புதிதாகத் தூள் போட்டால் கை தேய்ந்துவிடுமா என்றார். இவ்வளவு நாளும் என்னென்ன கண்றாவியைக் குடித்தேன் தெரியுமா, ஒரு நாள் புளித்த சீலை மணம், ஒரு நாள் சக்கைத் தண்ணீர் என்று சனத்துக்கு முறையிட்டார்.

எல்லாம் தெரிந்திருக்கிறது மனிதருக்கு. ஒன்றும் மரத்துப்போகவில்லை. எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மச்சாளுக்குப் பொறுக்கவில்லை. "என்ன மச்சான் நீங்க? உங்களுக்காக அவ காலையில இருந்து புகைக்குள்ள நிண்டு வேகுறா. நாலு பேருக்கு முன்னால இப்பிடியா?" என்று அவரைப் பிடித்தாள். பிறகு என் தோளில் கைபோட்டு, "அழாதீங்க மச்சாள். விடுங்க, ஆம்பிளையள் இப்பிடித்தான்" என்றாள்.

விடுவதா? நான் அவளை விலக்கிவிட்டுப் புதுக் கடதாசி போட்டேன். தூளைக் கூட்டினேன். அவர் சொன்னபடி சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டேன். ஒழுங்கையே பார்த்துக்கொண்டு நின்றது. அந்தக் கோப்பையை அவரிடம் நீட்டினேன்.

"இதில என்ன குறை, சொல்லுங்க" என்றேன்.

அவர் வாங்கி, ஊதாமல், ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறும் குடித்தார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தார்.

"சூடு காணா" என்றார்.